பேட்டரி ஃபுல், பேசினால் மட்டும் ரேடியோ அணைகிறதா?

கரண்ட் போனதும் ஹாம் ரேடியோவை, அதாவது அமெச்சூர்கள் பேசவும் கேட்கவும் பயன்படுத்தும் வானொலி செட்டைப் பேட்டரிக்கு மாற்றுகிறோம். கேட்கும்வரை ஒரு குறையும் இல்லை. பேசுவதற்கான பொத்தானான பிடிடியை அழுத்தியதும் திரை அணைந்து, செட் மறுபடி முதலிலிருந்து எழுகிறது. லெட் ஆசிட் பேட்டரியில் மீட்டரை வைத்தால் 12.6 வோல்ட் காட்டுகிறது. பழி பேட்டரி மேல் விழும். ஆனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஒயரைத்தான்.

100 வாட் ஹெச்எஃப் (சிற்றலை) செட்டுகள் பலவும் 13.8 வோல்ட்டுக்கு 15 சதவீதம் கூடக்குறைய என்ற கணக்கில் செய்யப்பட்டவை. அப்படியானால் கீழெல்லை 11.7. கேட்கும்போது 1 ஆம்பியரை ஒட்டி இழுக்கும் செட், பேசும்போது 20 ஆம்பியரைத் தொடும். 2.5 சதுர மி.மீ. ஒயர் 3 மீட்டர் என்றால் போக வர 6 மீட்டர். 20 ஆம்பியரில் அதுவே சுமார் 0.85 வோல்ட்டைத் தின்றுவிடும். மிச்சம் 11.75. சுமை ஏறியதும் பேட்டரி தானே சரிவதை இன்னும் கழிக்கவில்லை! 6 சதுர மி.மீ. ஒயரில் இழப்பு 0.35தான். பேட்டரியை செட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தி ஒயரைக் குட்டையாக்குவது அதைவிட மலிவு.

சோதிப்பது இப்படி: ஆன்டெனாவுக்குப் பதில் பவரைச் சூடாக விழுங்கும் டம்மி லோட் மாட்டி, எஃப்எம்மில் முழு பவரில் ஐந்து நொடி பிடிடியை அழுத்துங்கள். பேட்டரி முனையில் ஒரு அளவு, செட்டின் பின்புற முனையில் ஒரு அளவு. வித்தியாசம் முழுக்க வழியில் போனது. பிறகு மீட்டரின் இரு முனைகளையும் ஃப்யூஸ் ஹோல்டரின் இரு பக்கமும் வைத்து மறுபடி அழுத்துங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அங்கே பிடிப்பு சரியில்லை. தொட்டால் சுடவும் செய்யும். ஸ்க்ரூவுக்கு அடியில் போகும் ஒயர் நுனிக்கு ஈயம் வைக்காதீர்கள், நாளடைவில் ஈயம் நசுங்கித் தளரும். ஒயர் நுனியில் நசுக்கிப் பொருத்திய (கிரிம்ப் செய்த) உலோக லக்தான் சரி. ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடம் பேட்டரி முனைக்கு அருகில்; அது காப்பாற்றுவது ஒயரை.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் கதை வேறு. அதனுள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்டான பிஎம்எஸ் 15 ஆம்பியருக்கானது என்றால், பேச ஆரம்பித்ததும் மொத்தமாக வெட்டிவிடும், மீட்டர் பூஜ்யம் காட்டும். இதில் வோல்ட்டேஜைப் பார்த்து சார்ஜைக் கணிக்கவும் முடியாது. பெரும்பகுதி நேரம் 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றவே கூடாது.

அதே பேட்டரியில் இன்டர்நெட் ரவுட்டரையும் ஓட்டுவதற்கு இவ்வளவு பாடு இல்லை. ஆனால் 12 வோல்ட்டை இன்வெர்ட்டரில் ஏசியாக்கி, அடாப்டரில் மறுபடி 12 டிசியாக்குவது வீண். பேட்டரி வோல்ட்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் 12 வோல்ட்டை நிலையாகத் தரும் பக்-பூஸ்ட் கன்வெர்ட்டர் போதும். அடாப்டரில் அச்சிட்ட ஆம்பியர் உச்ச அளவு; நிஜ இழுவையை மீட்டரைத் தொடராக இணைத்து அளந்துகொள்ளுங்கள். அளந்த கையோடு மீட்டரின் சிவப்பு ஒயரை அதன் 10 ஆம்பியர் துளையிலிருந்து எடுத்துவிடுங்கள். அப்படியே பேட்டரியில் வைத்தால் நேரடி ஷார்ட்தான்.

கன்வெர்ட்டர் ஓடும்போது ஹெச்எஃப்பில் இரைச்சல் ஏறுகிறதா? கன்வெர்ட்டரை அணைத்துப் பாருங்கள். இரைச்சல் அடங்கினால், கன்வெர்ட்டருக்குள் வரும் ஒயர், வெளியே போகும் ஒயர் இரண்டையும் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையத்தில் ஐந்தாறு சுற்று சுற்றுங்கள்.