சீகையும் சோலையும்: குந்தா மலையில் இரண்டு நாள் நடை

ஊட்டிக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். தாவரவியல் பூங்காவைச் சுற்றிவிட்டு, படகு இல்லத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, ஒரு பொட்டலம் வர்க்கி வாங்கிக்கொண்டு மலையிறங்கிவிடுவதே வழக்கம். நகரத்துக்குத் தென்மேற்கே, கேரள எல்லையை ஒட்டி நிற்கும் குந்தா மலைத்தொடரைப் படங்களில்தான் பார்த்திருந்தேன். நீல நிற ஏரி, அதன் கரை வரை இறங்கி வரும் கரும்பச்சைக் காடு, மேலே புல் போர்த்திய முகடுகள் என்று அந்தப் படங்கள் எல்லாமே ஒரே மாதிரி இருக்கும். மனிதக் கை படாத பழங்காடு என்று அதை நம்பியிருந்தேன். சென்ற சனவரியில் அங்கே இரண்டு நாள் நடந்தபோது அந்த நம்பிக்கை ஒவ்வொரு துண்டாகக் கழன்று விழுந்தது.

அங்கே நினைத்தபடி நுழைந்து நடக்க முடியாது. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்த பிறகு மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் 40 பாதைகளோடு தொடங்கியது. இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும், குழுவாகச் செல்ல வேண்டும், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் ஓர் அடி வைக்கக் கூடாது, தீக்காலத்தில் பாதைகள் மூடப்படும். மலையைப் பார்க்க எதற்கு இன்னொருவர் துணை என்று முணுமுணுப்பவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். எங்களோடு வந்த இளைஞர் இல்லாமல் நான் மட்டும் போயிருந்தால் அழகான படங்களோடு திரும்பியிருப்பேன், வேறெதையும் தெரிந்துகொண்டிருக்க மாட்டேன்.

முதல் நாள் பார்சன்ஸ் வேலியிலிருந்து முக்கூர்த்தி குடில் வரை நடந்தோம். ஊட்டி நகரத்துக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கம் பார்சன்ஸ் வேலியில்தான் இருக்கிறது. அதைத் தாண்டியதும் பைன் மரங்களுக்கு நடுவே பாதை போனது. காலடியில் ஊசி இலைகள் மெத்தைபோல் கிடக்க, மரங்கள் வரிசை பிசகாமல் நின்றன. கால் மணி நேரம் நடந்தும் ஒரு பறவையின் குரல்கூடக் கேட்கவில்லை. பிறகு மரங்கள் விலகிப் புல்வெளி திறந்துகொண்டது. தூரத்தில் முக்கூர்த்தி சிகரம், 2,554 மீட்டர் உயரத்தில், மூக்குத்திக்காகவே செய்துவைத்த மூக்கைப்போல ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. இலக்குவன் அறுத்த சூர்ப்பணகையின் மூக்கு அது என்று ஒரு கதை உண்டு. நீலகிரியின் பழங்குடிகளான தோடர் மக்களுக்கோ அது இறந்தவர் உலகத்துக்குப் போகும் வாசல். சிகரத்தின் மேற்குப் பக்கம் நிலம் திடீரென்று முடிந்து, கேரளக் காடுகளை நோக்கிச் செங்குத்தாக விழுகிறது. அந்த விளிம்பைத் தொலைவிலிருந்து பார்த்தபோது இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்திருக்கும் என்று யாரையும் கேட்கத் தோன்றவில்லை.

78.46 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள முக்கூர்த்தி தேசியப் பூங்கா வரையாட்டுக்காகவே காக்கப்படும் இடம் என்று சொல்லலாம். 2024இல் எடுத்த கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் இருந்த வரையாடுகள் 1,031. அவற்றில் ஏழு ஆடுகளை எதிர்ச்சரிவில் பார்த்தோம். பாறையில் பாறையாக அசையாமல் நின்றவை, ஒன்று தலையைத் திருப்பியதும் எல்லாமாகச் சேர்ந்து மேலேறி மறைந்தன. அதற்குமேல் சொல்ல அன்று ஒன்றும் நடக்கவில்லை.

மறுநாள் அவலாஞ்சி. 1823இல் இங்கே நடந்த பெரிய மண்சரிவால் வெள்ளைக்காரர்கள் வைத்த ‘அவலாஞ்ச்’ (சரிவு) என்ற பெயர், மக்கள் வாயில் உருண்டு அவலாஞ்சி ஆகியிருக்கிறது. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் அதிகமாக மழை கொட்டி நாடெங்கும் செய்தியான ஊர் இதுதான். நாங்கள் போன சனவரிக் காலையில் மழை வாசனையே இல்லை, உறைபனிதான் இருந்தது. புல்லின் ஒவ்வொரு தாளும் உப்பில் தோய்த்ததுபோல் வெளுத்திருந்தது. மிதிக்கும்போது பொரி நொறுங்குவதுபோல் சத்தம் வந்தது.

பாதை ஓரிடத்தில் நீர்க்கரையை ஒட்டிச் செல்கிறது. நான் கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினேன். வழிகாட்டித் தம்பி குனிந்து, உள்ளங்கை அளவுள்ள ஒரு வெள்ளைக் கல்லை எடுத்துத் தண்ணீர் மண்ணைத் தொடும் கோட்டில் வைத்தார்.

“எதுக்குத் தம்பி?”

“திரும்பி வரும்போது பாருங்கண்ணா.”

பிறகு கரையைக் காட்டினார். நீருக்கும் காட்டுக்கும் நடுவே, ஏரியைச் சுற்றி வளையம் போட்டதுபோல், ஒரு புல்லும் முளைக்காத செம்மண் பட்டை ஓடியது. அதில் அங்கங்கே வெட்டுப்பட்ட மரங்களின் அடிக்கட்டைகள் வேரோடு துருத்திக்கொண்டு நின்றன. இயற்கையான ஏரியாக இருந்தால் அந்த இடத்தில் கோரையும் நாணலும் மண்டியிருக்கும். இங்கே நீர் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் எதுவும் வேர் பிடிப்பதில்லை. நீலகிரியின் பெரிய ஏரிகள் எல்லாமே மனிதர் கட்டியவை. ஊட்டி ஏரியே 1820களில் ஜான் சல்லிவன் உண்டாக்கியதுதான். அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி, போர்த்திமந்து ஆகியவை கனடா நாட்டின் உதவியோடு உருவான குந்தா நீர்மின் திட்டத்தின் தேக்கங்கள். இவற்றின் தண்ணீர் சுரங்கங்கள் வழியாகவும் பெருங்குழாய்கள் வழியாகவும் இறங்கி, ஒரு மின்நிலையத்தின் சுழலியைச் சுற்றிவிட்டு அடுத்ததற்குப் போய், கடைசியில் பவானியில் சேர்ந்து ஈரோட்டுப் பக்கத்து வயல்களுக்குப் பாய்கிறது. போர்த்திமந்து என்ற பெயரில் ‘மந்து’ இருப்பதைக் கவனியுங்கள். தோடர் குடியிருப்புக்கு வழங்கும் சொல் அது. இப்போது அது ஓர் அணையின் பெயர்.

கரையை விட்டு ஏறத் தொடங்கியதும் இருள் கவிந்த காட்டுக்குள் நுழைந்தோம். நல்ல அடர்த்தியான காடு என்று நான் மெச்சினேன். தம்பி சிரித்தார்.

“இது காடு இல்லீங்கண்ணா, சீகை.”

சீகை என்று நீலகிரியில் சொல்லப்படும் மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. தோல் பதனிடத் தேவையான துவர்ச்சத்து அதன் பட்டையில் இருப்பதால், கற்பூர மரத்தோடு சேர்த்து அதையும் புல்வெளிகளில் நட்டார்கள். புல்வெளியை வெற்று நிலம் என்று கணக்கெழுதியவர்களுக்கு அது இலாபமாகத் தெரிந்தது. விதை பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் உறங்கிக் கிடந்து, மரத்தை வெட்டிய இடத்திலேயே மறுபடி கூட்டமாக முளைக்கும். அத்தனையையும் வேரோடு பிடுங்கிவிட்டால் சிக்கல் தீர்ந்ததே என்றேன். அவர் பதில் சொல்லாமல் ஒரு சீகையின் அடியில் உட்கார்ந்து, சருகை விலக்கிக் காட்டினார். சாண் உயரத்தில் நான்கைந்து கன்றுகள், தளிர் செம்புச் சிவப்பாக, இலை தடித்து மினுங்கிக்கொண்டு நின்றன. காட்டு நாவல் வகை. மலை மடிப்புகளில் வளரும் இந்த மண்ணின் சொந்தக் காடான சோலையின் விதை, திறந்த புல்வெளியில் விழுந்து முளைத்தாலும் உறைபனியில் கருகிவிடும் என்றும், சீகை நிழல் அதற்குப் போர்வையாகிவிட்டது என்றும் விளக்கினார். பகைவன் வீட்டுத் திண்ணையில் பிள்ளை வளர்கிறது. எல்லாச் சீகையையும் ஒரே வீச்சில் வெட்டச் சொல்பவர்களும், அப்படியே விட்டுவிடச் சொல்பவர்களும் இந்தக் கன்றுகளை ஒருமுறை குனிந்து பார்க்கலாம் என்றே எனக்குத் தோன்றியது.

உண்மையான சோலை இன்னும் ஒரு மணி நேர ஏற்றத்துக்குப் பிறகு வந்தது. இரண்டு குன்றுகள் கூடும் மடிப்பில், வேலி போட்டதுபோல் திட்டவட்டமான எல்லையோடு அது நின்றது. உயரம் அதிகமில்லை. காற்றுக்கு வளைந்து முறுக்கேறிய கிளைகள், அவற்றில் தாடிபோல் தொங்கும் பாசி, மேலே காலிஃபிளவரைக் கவிழ்த்துவைத்ததுபோல் உருண்ட தழைக்கூட்டம். உள்ளே கால் வைத்ததும் குளிர் குறைந்ததை முகம் உணர்ந்தது. வெளியே பனி வெளுத்திருக்க, உள்ளே மண் கறுப்பாக ஈரத்தோடு மெத்தென்று இருந்தது. விரலை அழுத்தினால் குழியில் நீர் கசிந்தது. மழை நின்று வாரங்கள் ஆகியும், சோலையின் அடியிலிருந்து கட்டைவிரல் தடிமனில் ஓர் ஓடை புறப்பட்டுக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு கருமந்தி உறுமியது. முதல் நாளின் பைன் தோப்பில் இல்லாத பறவைகள் எல்லாம் இங்கேதான் குடியிருந்தன போலும், சிரிப்பான்களின் கூச்சலில் நாங்கள் பேசியது எங்களுக்கே கேட்கவில்லை.

அதற்குமேல் கோலாரிபெட்டா உச்சி வரை புல்தான். இடையிடையே ஒற்றை ஒற்றையாகக் காட்டுப்பூவரசு மரங்கள், இரத்தச் சிவப்பில் கொத்துக்கொத்தாகப் பூத்திருந்தன. உச்சி 2,600 மீட்டரைத் தாண்டுகிறது, தொட்டபெட்டாவைவிடச் சில மீட்டர்தான் குறைவு. மூச்சு வாங்கியது. மேலே நின்று பார்த்தபோது கிழக்கே அவலாஞ்சியும் எமரால்டும், தெற்கே மேகத்தின் இடைவெளியில் அப்பர் பவானியின் ஒரு துண்டும் தெரிந்தன. காலையில் ஒரே பச்சையாகத் தெரிந்திருக்கக்கூடிய சரிவுகளை இப்போது பிரித்துப் படிக்க முடிந்தது. சாம்பல் பூத்த மங்கல் பச்சை சீகை, கோடு பிசகாத கரும்பச்சை பைன், மடிப்புகளில் மட்டும் பல நிறத் தளிர்களோடு குமிழ் குமிழாய்ச் சோலை. சோலைதான் எல்லாவற்றிலும் குறைவாக இருந்தது.

இறங்கும்போது என் வலது காலணியின் அடித்தோல் முன்பக்கமாக வாயைப் பிளந்தது. பல ஆண்டுகளாக அலமாரியில் பத்திரமாகக் கிடந்த காலணி, புதிதுபோல்தான் இருந்தது. பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் பசை செத்துப்போகும் என்பது அன்றுதான் தெரிந்தது. நடைக்கு ஒரு வாரம் முன்பாவது பழைய காலணியை மாட்டி நடந்து பாருங்கள். தம்பி தன் பையிலிருந்து கயிறு எடுத்து, என் காலணியைப் பொட்டலம் கட்டுவதுபோல் இறுக்கிக் கட்டினார். ஐந்நூறு அடிக்கு ஒருமுறை கட்டு நழுவ, நின்று நின்று, மற்றவர்களெல்லாம் முன்னே போய்விட, நாங்கள் இருவரும் மாலையில் கடைசியாக நீர்க்கரையை அடைந்தோம்.

வெள்ளைக் கல் அதே இடத்தில் இருந்தது. அதற்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண் அகலத்துக்கு ஈரச் செம்மண் புதிதாக வெளிப்பட்டிருந்தது. கீழே ஏதோ ஒரு மின்நிலையம் பகல் முழுவதும் ஓடியிருக்கிறது. தம்பி கல்லை எடுத்து, கழுவி, ஓரமாக வைத்துவிட்டு, “வாங்கண்ணா, வண்டி நிக்குது” என்றார்.