தெருவுக்கு அந்தப் பக்கம் எந்தப் பொலிஸ்?

ஆண்டு பத்தில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு கையெழுத்துச் சஞ்சிகை நடத்தினோம். அதில் வந்த தொடர்கதைக்குக் களம், நாங்களே கட்டிய ஒரு துறைமுக நகரம். நடுவில் பெருந்தெரு, வடக்கே வெள்ளைக்காரர் குடியிருப்பு, தெற்கே ஊர்ச்சனம். கொப்பியின் நடுப்பக்கத்தில் வரைபடமும் கீறியிருந்தோம்.

வரலாறு படிப்பித்த சேர் அதை வாங்கிப் பார்த்தார். கதையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பெருந்தெருவின் மேல் சிவப்புப் பேனையால் எழுதினார்: "வடக்கே களவெடுத்தவன் தெருவைக் கடந்து ஓடினால் யார் பிடிப்பது?"

எங்களிடம் பதில் இல்லை. அன்று இடைவேளை முழுக்க ஷாங்காயைப் பற்றித்தான் பேசினார். போரில் தோற்ற சீனா பிரித்தானியரோடு செய்த 1842 நான்கிங் ஒப்பந்தத்தால் வெளிநாட்டு வணிகருக்குத் திறந்துவிடப்பட்ட துறைமுகம். பிரித்தானியரும் அமெரிக்கரும் 1863இல் தங்கள் பகுதிகளை ஒன்றாக்கிச் சர்வதேசக் குடியிருப்பு ஆக்கினார்கள். பிரெஞ்சுக்காரர் பக்கத்திலேயே தனி. பழைய சீன நகரம் வேறு. ஒரே ஊருக்குள் மூன்று நிர்வாகம். தெருவைத் தாண்டினால் பொலிஸ் மாறும், நீதிமன்றம் மாறும்.

சரி, நாங்கள் கீறியதும் கிட்டத்தட்ட இதுதானே என்று சந்தோஷப்பட்டோம். அப்போதுதான் அவர் முக்கியமானதைச் சொன்னார். அந்தச் சர்வதேசக் குடியிருப்பில் வாழ்ந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் சீனர்கள். 1850களில் கலகங்களுக்குத் தப்பி வந்து குவியத் தொடங்கியவர்கள். வரி கட்டினார்கள், ஆனால் 1928 வரை நகரசபையில் அவர்களுக்கு ஓர் ஆசனம்கூட இல்லை.

"உங்கட வடக்குப் பக்கத்தில் ஊர்ச்சனம் ஒருத்தரும் இல்லையே. சமையல்காரன் இரவில் எங்கே படுக்கிறான்?"

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. இப்போதும் எந்த நகரத்தின் வரைபடத்தைப் பார்த்தாலும் முதலில் அதைத்தான் தேடுகிறேன்.

அப்புறம் கரும்பலகையில் ஒரு விசிறி கீறினார். தெஜிமா: ஜப்பானின் நாகசாகியில் விசிறி வடிவில் கட்டிய செயற்கைத் தீவு. 1641 முதல் இருநூறு ஆண்டுக்கு மேலாக டச்சு வணிகர் அதற்குள்தான் இருந்தார்கள். கரைக்கு ஒரேயொரு பாலம், அதில் காவல் நின்றது ஜப்பானியர். தரங்கம்பாடியும் அப்படித்தான், பிடித்த மண்ணில்லை. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துதான் டென்மார்க்கிலிருந்து வந்த டேனியர் அங்கே இருந்தார்கள்.

நாங்கள் வரைபடத்தை அழித்துத் திரும்பக் கீறினோம். வடக்கே ஒவ்வொரு பெரிய வீட்டின் பின்னாலும் ஒரு சின்ன அறை வந்தது. கதாநாயகன் சமையல்காரன் ஆனான். அவன் அறைக்கு இரண்டு கதவு வைத்தோம்: ஒன்று எசமான் வீட்டு முற்றத்துக்கு, மற்றது பெருந்தெருவுக்கு.