ஒரு சிஓ-வை எழுதி, அளந்து, திருத்திய விதம்

என்பிஏ (பொறியியல் படிப்புகளுக்குத் தரச்சான்று தரும் தேசிய வாரியம்) வேலையில் எல்லோரும் எக்செல்லைத்தான் முதலில் திறப்போம். திறக்க வேண்டியது சிலபஸை. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடத்தின் மூன்றாவது சிஓ (கோர்ஸ் அவுட்கம்; பாடம் முடிந்ததும் மாணவர் என்ன செய்வார் என்ற இலக்கு) எங்களிடம் "ட்ரீ பற்றிப் புரிந்துகொள்வார்கள்" என்று இருந்தது. புரிந்ததா இல்லையா என்று எந்தக் கேள்வி கேட்டு அளப்பது? "கொடுத்த எண்களுக்கு ஏவிஎல் ட்ரீ கட்டி, புரோகிராம் எழுதுவார்கள்" என்று மாற்றினோம். நினைவில் வைத்தல், புரிதல், பயன்படுத்தல் என்று ஏறும் ப்ளூம் வரிசையில் இது மூன்றாம் நிலை. அதன்பின் 'வரையறு' என்று தொடங்கும் 2 மார்க் கேள்வியை இந்த சிஓ கணக்கில் சேர்க்க முடியாது.

கணக்கைக் கெடுப்பது பெரும்பாலும் 'அல்லது' கேள்விதான். 11அ ஒரு சிஓ, 11ஆ வேறு சிஓ என்று தாள் போட்டால், ஆ எழுதிய மாணவருக்கு அ கட்டத்தில் பூஜ்யம் ஏறிவிடும். தெரியாதவர் பட்டியலில் அவர் சேர்ந்துவிடுவார். தேர்ந்தெடுக்காத கேள்விக்குக் கட்டம் காலியாக இருக்க வேண்டும். தப்பாக எழுதியவருக்கு மட்டுமே பூஜ்யம். இரண்டுக்கும் ஒரே சிஓ, ஒரே ப்ளூம் நிலை என்பதைத் தாள் அச்சுக்குப் போகும் முன்பே பார்த்துவிடுங்கள்.

எங்கள் அளவுகோல்: 60% மார்க் எடுத்தவர்கள் வகுப்பில் 60% என்றால் நிலை 1, 70% என்றால் 2, 80% என்றால் 3. 60 பேரில் 42 பேர் தேறினார்கள்; இன்டர்னலில் (கல்லூரியே நடத்தும் தேர்வு) நிலை 2. செமஸ்டரில் (பல்கலைத் தேர்வு) நிலை 1. அண்ணா பல்கலையின் 2021 விதிமுறையில் தியரிக்கு இன்டர்னல் 40%, செமஸ்டர் 60% என்பதால் 0.8 + 0.6 = 1.4. இதற்கு 80%, மாணவர் கருத்துப்படிவத்தின் 2.5-க்கு 20% கொடுத்தால் 1.62. பிஓ-வுடன் (புரோகிராம் அவுட்கம்; பட்டப்படிப்பு முழுவதற்குமான இலக்கு) பொருத்தம் 3-க்கு 2 என்று போட்டிருந்தால் அங்கே போய்ச்சேருவது 1.62 × 2 ÷ 3 = 1.08.

இணைப்புக் கல்லூரிக்கு செமஸ்டரில் கிரேடு மட்டும்தான் வரும், கேள்விவாரி மார்க் வராது. எல்லா சிஓ-வுக்கும் ஒரே எண் விழும். அதனால் எந்த சிஓ பலவீனம் என்று சொல்லக்கூடியது இன்டர்னல் தாள் ஒன்றே. அதை அவசரத்தில் போடாதீர்கள்.

குறைந்த சிஓ-வுக்கு "கூடுதல் வகுப்பு நடத்தப்பட்டது" என்று எழுதினால் எதுவும் மாறாது. தேறாத 18 பேரின் தாளையும் எடுத்துப் பார்த்தோம். ஏவிஎல் ட்ரீயைச் சமன்செய்யும் ஒற்றைச் சுழற்சி சரி, இரட்டைச் சுழற்சியில்தான் பெரும்பாலோர் விழுந்திருந்தார்கள். வகுப்பில் அதற்கு ஒரே ஒரு எடுத்துக்காட்டு, லேபில் பயிற்சியே இல்லை. அடுத்த பேட்சுக்கு லேபில் இரண்டு பயிற்சிகள் சேர்த்தோம்.