ஓட்டு எண்ணும் மேசையும் பட்டா கேட்கும் ஜன்னலும்

வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், தேர்தல் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வருவது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வாக்காளர் பட்டியல் திருத்தம், பெயர் சேர்ப்பு, நீக்கம், சாவடிகளைப் போய்ப் பார்ப்பது என்று வருஷம் முழுக்க அது ஓடிக்கொண்டே இருக்கும். ஆட்சி மாறிய தேர்தல்களில் இரண்டை நான் எண்ணிக்கை மேசையில் உட்கார்ந்தே பார்த்தேன். ஒன்று 1996, இன்னொன்று 2011. இரண்டிலும் ஊர் முழுக்க ஊழல் பேச்சு. இரண்டிலும் ஆளுங்கட்சிக்கு மரண அடி. ஆனால் மக்கள் எந்த ஊழலுக்கு எதிராகக் குத்தினார்கள் என்ற விஷயத்தில், பத்திரிகைகள் சொன்னதும் தாலுகா ஆபீஸ் ஜன்னலில் நான் கேட்டதும் ஒன்றாக இல்லை.

1996 வாக்குச்சீட்டுக் காலம். சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் சேர்த்தே தேர்தல். பெட்டியைக் கொட்டி, சீட்டுகளை இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டி, பல சாவடிக் கட்டுகளையும் ஒரு டிரம்மில் போட்டுக் கலக்கி, அப்புறம்தான் மேசைக்குக் கொடுப்பார்கள். எந்த ஊர் யாருக்குப் போட்டது என்று தெரியக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. விடிய விடிய எண்ணினோம். செல்லாத சீட்டுகளைத் தனியே எடுத்து வைக்கும்போது சிலவற்றில் முத்திரைக்குப் பதிலாக எழுத்து இருந்தது. வசவுகள்தான் அதிகம். ஒருவர் மட்டும் தன் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் வேண்டும் என்று, மனு கொடுப்பதுபோல 'ஐயா' போட்டு எழுதியிருந்தார். வளர்ப்பு மகன் திருமணம், சொத்துக் குவிப்பு என்று மேடைகள் அதிர்ந்த தேர்தலில் அவருக்குக் கிடைத்த ஒரே தாள் அது போலிருக்கிறது.

அந்தத் தேர்தலில் தி.மு.க., த.மா.கா. அணி 221 இடங்களைப் பிடித்தது. அ.தி.மு.க.வுக்கு மிஞ்சியது நான்கு. முதலமைச்சராக இருந்த ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார். மொடக்குறிச்சியில் 1,033 பேர் வேட்பாளர்களாக நின்றார்கள், வாக்குச்சீட்டையே புத்தகமாக அச்சடிக்க வேண்டியதாயிற்று. எங்கள் குறையை யாரும் கேட்கவில்லை என்று விவசாயிகள் கூட்டமாக மனுத் தாக்கல் செய்ததன் விளைவு அது. 221 என்ற எண்ணைவிட அந்த 1,033 எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஜெயித்த அணியைத் தேடி வந்த கோபமில்லை அது. ஆள்பவர்களின் கண்ணில் பட வேண்டும் என்ற கோபம்.

2011-க்கு வருகிறேன். 2ஜி செல்போன் அலைக்கற்றை ஒதுக்கீட்டில் 1.76 லட்சம் கோடி ரூபாய் வரை உத்தேச இழப்பு என்று தணிக்கை அறிக்கை 2010 நவம்பரில் வெளியானது. அதே மாதம், இங்கே ஆண்டுகொண்டிருந்த தி.மு.க.வைச் சேர்ந்த ஆ.ராசா மத்திய அமைச்சர் பதவியை விட்டு விலகினார், அடுத்த பிப்ரவரியில் கைதானார். 176-க்குப் பின்னால் பத்துப் பூஜ்யம். டீ குடிக்கும் நேரத்தில் எங்கள் ஆபீஸில் காகிதத்தில் எழுதி எழுதிப் பார்த்தோம். அந்தத் தொகை யார் மனத்திலும் நிற்கவில்லை. 'பெரிய தொகை' என்பது மட்டும் நின்றது.

அந்தச் சமயத்தில் ஒரு பெரியவர் உட்பிரிவுப் பட்டாவுக்காக நடையாய் நடந்துகொண்டிருந்தார். பாகப்பிரிவினை முடிந்து, பத்திரமும் பதிவாகிவிட்டது. நிலத்தை அளக்க சர்வேயர் வர வேண்டும், அவர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று பெரியவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஒரு நாள் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு நிதானமாகக் கேட்டார்: "சார், டெல்லியில எடுத்தவங்களுக்கு ஓட்டுப் போடறதில்லன்னு முடிவு பண்ணியாச்சு. உங்க ஆபீஸுக்கு எதிரா அமுக்கறதுக்கு அந்த மிஷின்ல ஏதாவது பொத்தான் இருக்குதுங்களா?"

பக்கத்து இருக்கைக்காரர் சிரித்துவிட்டார். பெரியவர் சிரிக்கவில்லை.

அப்போது 49-ஓ என்ற விதி இருந்தது. யாருக்கும் வாக்களிக்க விருப்பமில்லை என்றால் சாவடியில் சொல்லலாம், பதிவேட்டில் அப்படியே குறித்து கையெழுத்தோ ரேகையோ வாங்குவார்கள். ஆனால் எல்லாக் கட்சி ஏஜென்டுகளும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதைச் சொல்ல வேண்டும். கிராமத்தில் அதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். ரகசியமாக மறுப்பதற்கான நோட்டா, உச்ச நீதிமன்றம் 2013 செப்டம்பரில் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் வந்தது. வந்தும் என்ன, அதுவும் வேட்பாளர்களை மறுக்கும் பொத்தான். பெரியவர் கேட்டது அதை அல்ல.

2011 மே 13. காலையில்தான் எந்த மேசை என்று சொன்னார்கள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஏஜென்டுகள், இந்தப் பக்கம் வாக்கு இயந்திரத்தின் கன்ட்ரோல் யூனிட்டும் நாங்களும். சீலைக் காட்டி, எண்ணைச் சரிபார்க்கச் சொல்லி, பச்சைத் தாள் முத்திரையைக் கிழித்து, ரிசல்ட் பொத்தானை அமுக்க வேண்டும். முதலில் மொத்த ஓட்டு வரும், பிறகு வேட்பாளர் வாரியாக ஒவ்வொரு எண்ணாக நகரும். ஏஜென்டுகள் பேனாவோடு வலையில் முகத்தை ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். 1996-க்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. டிரம் போய்விட்டது. ஒரு சாவடி என்ன சொன்னது என்பது அந்த மேசையில் அப்படியே தெரியும்.

அப்படித் தெரிந்ததில் ஒன்று என்னை யோசிக்க வைத்தது. தேர்தலுக்குக் கொஞ்ச காலம் முன்பு ஒரு கிராமத்தின் நிர்வாக அலுவலர் லஞ்ச ஒழிப்புத் துறையிடம் சிக்கியிருந்தார். சிக்கியது எங்கள் ஆபீஸ் வளாகத்திலேயே. பவுடர் தடவிய நோட்டு, கண்ணாடி டம்ளரில் சோடியம் கார்பனேட் கரைசல், அதில் அவர் விரலை முக்கியதும் தண்ணீர் ரோஸ் நிறமானது. பேப்பரில் எத்தனையோ முறை படித்த காட்சிதான். நேரில் பார்க்கும்போது அந்த நிறம் அவ்வளவு அழகாக இருந்தது என்பதுதான் சங்கடம். செய்தி அன்று மாலைக்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்த ஊர்ச் சாவடி என் மேசைக்கு வந்தது. கோபம் கொட்டிக் கிடக்கும் என்று நினைத்தேன். ஆளுங்கட்சி தோற்றிருந்தது, ஆனால் மிகக் குறைந்த வித்தியாசத்தில். அதற்கடுத்து வந்தது பக்கத்து ஊர்ப் பெட்டி. அங்கே யாரும் பிடிபடவில்லை, எல்லாம் வழக்கம்போல நடந்துகொண்டிருந்தது. அங்கேதான் ஆளுங்கட்சி துடைத்தெறியப்பட்டிருந்தது. அந்தக் கட்சி ஏஜென்ட் எண்ணைக் குறிக்காமல் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

இரண்டு சாவடியை வைத்து நான் கோட்பாடு எதையும் சொல்ல வரவில்லை. சாதி, கூட்டணி, உள்ளூர்ச் சண்டை என்று நூறு காரணம் இருக்கலாம். தே.மு.தி.க. அந்த முறை அ.தி.மு.க.வோடு சேர்ந்ததே பாதிக் கணக்கு. மின்வெட்டு வேறு. ஆனாலும் என் ஊகம் ஒன்று உண்டு. ஊழல் நடக்கிறது என்பது மக்களுக்குச் செய்தியே இல்லை. கேட்க நாதியில்லை என்று தோன்றும் இடத்தில்தான் அது ஓட்டாக மாறுகிறது. ஒருவர் விரல் ரோஸ் ஆன ஊரில் கணக்கு கொஞ்சமாவது தீர்ந்தது.

அன்று மாலைக்குள் அ.தி.மு.க. அணிக்கு 203, தி.மு.க. அணிக்கு 31 என்று ஆகிவிட்டது. தொலைக்காட்சிகள் சுனாமி என்றன. ஓட்டு விகிதமோ சுமாராக 52-க்கு 39. நூறு பேரில் ஆறேழு பேர் அந்தப் பக்கம் போயிருந்தாலே கிட்டத்தட்டச் சமமாகியிருக்கும். எதிர்க்கட்சியின் பேரலை என்று எழுதப்படுவதை மேசையிலிருந்து பார்த்தால், ஒவ்வொரு தெருவிலும் இரண்டு மூன்று வீடுகள். பாதி வீடுகளுக்கு எதிர்க்கட்சி மேல் பிரியம் இருந்த மாதிரியும் தெரியவில்லை. 1996-இல் ஊழலுக்காகத் துரத்தப்பட்ட கட்சியைத்தான் 2001-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதற்கு முந்தைய வருஷம்தான் டான்சி என்ற அரசு நிறுவனத்தின் நிலத்தை வாங்கிய வழக்கில் அதன் தலைவிக்குத் தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. போபர்ஸ் பீரங்கிப் பேர ஊழல் பேச்சால் 1989-இல் ராஜீவ் காந்தியின் நானூறு சொச்ச இடங்கள் 197 ஆனபோது, தமிழ்நாட்டில் காங்கிரஸ் அணி 39-இல் 38-ஐ அள்ளியது. ஊழல் கோபம் ஒரே விதமாக எல்லா ஊரிலும் பெய்யாது.

ஆட்சி மாறியதும் ஆபீஸில் முதலில் மாறியது முதலமைச்சர் படம். 'லஞ்சம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம்' என்ற பலகை இருந்த இடத்திலேயே இருந்தது. சர்வேயரும்தான். பெரியவரின் பட்டா எப்படி முடிந்தது என்று நான் விவரமாக எழுதப் போவதில்லை, முடிந்தது. 2012-இல் உச்ச நீதிமன்றம் 122 தொலைத்தொடர்பு உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் அலைக்கற்றை வழக்கில் எல்லோரையும் விடுதலை செய்தது. அன்று ஜன்னலுக்கு வந்தவர்களில் ஒருவர்கூட அதைப் பற்றிப் பேசவில்லை. சர்வர் வேலை செய்கிறதா என்றுதான் கேட்டார்கள்.

இப்போது பட்டா மாறுதலுக்கு ஆன்லைனில் மனுப் போடலாம், எந்த நிலையில் இருக்கிறது என்று போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். உட்பிரிவு இல்லாத மாறுதலுக்கு அலைச்சல் உண்மையிலேயே குறைந்திருக்கிறது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். உட்பிரிவு என்றால் மட்டும் யாராவது சங்கிலியோடு வயலுக்கு வந்துதான் ஆக வேண்டும். அந்த ஆளுக்காகக் காத்திருக்கும் இடத்தில்தான் பழைய பேச்சுகள் இன்னும் காதில் விழுகின்றன. தேர்தல் நெருங்கினால் நிருபர்கள் ஊர் ஊராக மைக்கோடு போய், எந்தக் கட்சிக்குக் காற்று அடிக்கிறது என்று கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்தத் தாலுகாவில் உட்பிரிவு மனுக்கள் எத்தனை மாதமாகக் கிடக்கின்றன என்று முதலில் பார்க்கச் சொல்வேன். இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.