ஏலத்துல வாகனம் எடுக்கப் போறவங்களுக்கு

நம்ம தோட்டத்துத் தம்பிமார் நிறையப் பேர் இப்ப, தவணை கட்டாம லீசிங் கம்பனி திருப்பி எடுத்த வண்டிகளை விற்கிற ஏலத்துல வேன், ஆல்டோ எடுக்கப் பார்க்கிறாங்க. நல்ல விஷயம், தாராளமா போங்க. ஆனா அங்க உள்ளது உள்ளபடிதான் விற்பாங்க, காசு கட்டின பிறகு குறை சொல்லிப் பிரயோசனமில்ல. யார்டுல ஓட்டிப் பார்க்கவும் பெரும்பாலும் விடமாட்டாங்க.

அதனால காலையிலேயே போய் முதல்ல பொனட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா யாரோ ஏற்கனவே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காங்க. குளிர்ந்த என்ஜின்லதான் புகையும் தட்டுற சத்தமும் பிடிபடும். கால் மிதியடியைத் தூக்கி அடித்தகட்டை விரலால அழுத்திப் பாருங்க. நுவரெலியா மழையிலயும் பனியிலயும் வெளியில நின்ன வண்டின்னா அங்கதான் துரு. ரம்பொடை இறக்கத்துல குடும்பத்தை ஏத்திட்டு வரப்போற வண்டி, பிரேக் பைப்பையும் விடாதீங்க. சேசிஸ் நம்பர் பதிவுப் புத்தகத்தோட ஒத்துப்போகணும்.

ஜப்பான்ல இருந்து இறக்குற பழைய வண்டிகளோட ஏலம் வேற கதை. அங்க பதிவு பெற்ற டீலர்மார்தான் கேட்கலாம், நம்மளுக்கு வாறது வண்டியோட நிலையைப் பரிசோதிச்சு எழுதின ஏலத் தாள் மட்டும். 2025 பெப்ரவரியில கார் இறக்குமதி திறந்ததுல இருந்து அந்தத் தாளைக் காட்டித்தான் வியாபாரமே நடக்குது. தரம்னு இருக்கிற இடத்துல 'ஆர்' (R) இருந்தா விபத்துல அடிபட்டுத் திருத்தின வண்டி. தாள்ல உள்ள வண்டிப் படத்துல 'எக்ஸ்எக்ஸ்' (XX) இருந்தா அந்தப் பாகமே மாத்தினது. போட்டோ பிரதியை நம்பாம, சேசிஸ் நம்பரைக் கொடுத்து நீங்களே தாளை எடுப்பிச்சுப் பாருங்க.

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் யாராவது பார்க்கப் போறதா இருந்தா சொல்லுங்க, ஞாயிற்றுக்கிழமைன்னா நானும் கூட வாறேன்.