ஒட்டிக்கிட்ட சிவாஜி ஸ்டாம்பை பிரிச்செடுத்த அனுபவம்

அப்பாவோட ஸ்டாம்ப் ஆல்பத்தை பீரோவுல கீழ் தட்டுல படுக்க வச்சு மேல புடவையா அடுக்கிட்டேன், ஒரு மழைக்காலம் போய் எடுத்துப் பாத்தா சிவாஜி ஸ்டாம்ப் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு, சாவித்திரி ஸ்டாம்ப் ஆல்பம் தாள்லயே ஒட்டிக்கிச்சு. நெஞ்சே அடைச்சுது. சிவாஜி 2001 ஜூலைல போனார், அந்த வருஷமே அக்டோபர் 1, அவர் பொறந்தநாளுக்கு விட்ட ஸ்டாம்ப் அது, அப்பா ஆபீசுக்கு லீவு போட்டு வாங்கினது. சாவித்திரி 2011ல ஆறு நாயகிகளுக்கு விட்ட செட்டுல வந்தது, தேவிகா ராணி, மீனா குமாரி, நூதன் எல்லாம் அதுல உண்டு.

தபால் முத்திரை விழுந்த ஸ்டாம்ப்னா கவலையே இல்ல, கவரோட வெட்டி தண்ணில போட்டா கால் மணி நேரத்துல தானா கழண்டுரும், எம்ஜிஆரோட 1990 அறுபது காசு ஸ்டாம்பை அப்படித்தான் எடுத்தேன். ஆனா இது தபால்ல போகாத புது ஸ்டாம்ப், பின்னாடி பசை அப்படியே இருக்கணும், தண்ணில போட்டா பசை போச்சு.

அதனால ஈரக் காத்து மட்டும் படுற மாதிரி பண்ணேன். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பால ஸ்பாஞ்சை நனைச்சு நல்லா பிழிஞ்சு வச்சு, அது மேல சின்ன வடிகட்டியை கவுத்து, அதுல ஸ்டாம்பை வச்சு மூடிட்டேன், சாவித்திரிக்கு ஆல்பம் தாளையே சுத்தி வெட்டி அப்படியே உள்ள வச்சேன். மணிக்கொருதரம் திறந்து பாக்கணும், அஞ்சு மணி நேரத்துக்கு அப்புறம் சிவாஜியோட ஒரு மூலை லேசா தூக்குச்சு. தட்டை முனை ட்வீசர்ஸால மெதுவா, கொஞ்சம் இழுத்துப் பிடிச்சாலும் விட்டுட்டு திரும்ப மூடி வச்சிரணும், இங்கதான் பொறுமை வேணும். கழண்டதும் பசை பிசுபிசுன்னு இருக்கும், உடனே புத்தகத்துக்குள்ள வச்சீங்கன்னா மறுபடி ஒட்டிக்கும். பசைப் பக்கம் மேல பாத்த மாதிரி காய விடுங்க, சுருளும், பயப்படாதீங்க, காஞ்சப்புறம் ரெண்டு பட்டர் பேப்பருக்கு நடுவுல வச்சு கனமான புத்தகத்தை ஏத்தினா சரியாயிடும்.

சிவாஜி ரெண்டும் முழுசா வந்துச்சு, கீழ இருந்தவர் முகத்துல மட்டும் மேல் ஸ்டாம்போட பசை கொஞ்சம் பளபளன்னு படிஞ்சிருக்கு, அதை நான் தொடல. சாவித்திரி ஸ்டாம்போட ஓரத்துல பல்லு பல்லா இருக்குமே, அதுல ஒண்ணு போயிடுச்சு. இப்ப ஆல்பத்தை மேல் தட்டுல நிக்க வச்சு பக்கத்துல ஈரத்தை உறிஞ்சுற சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டிருக்கேன். வேற சாவித்திரி தேடி வாங்கித் தரேன்னு அப்பாகிட்ட சொன்னேன், வேணாம்மா, இதையே அது இருந்த இடத்துல வைன்னுட்டார்.