கோணிய பலகையும் பொய் சொன்ன முள்ளும்

வாங்கி வந்த அன்று பலகைகள் நேராகத்தான் இருந்தன. ஒரே ஈட்டி மரக் (ரோஸ்வுட்) கட்டையிலிருந்து அடுத்தடுத்து அறுத்த இரண்டு பாதிகள்; புத்தகத்தை விரித்தாற்போல் வைத்தால் ரேகைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். நான் செய்யும் அக்கூஸ்டிக் கிட்டாரின் பின்பலகைக்கானவை. ஒவ்வொன்றும் 210 மில்லிமீட்டர் அகலம், 4 மில்லிமீட்டர் தடிமன். மேசைமேல் அப்படியே படுக்கப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன். நான்கு நாள் கழித்துப் பார்த்தால், இரண்டும் வெயிலில் கிடந்த சருகுபோல ஓரங்களைத் தூக்கிக்கொண்டு கிடக்கின்றன. ரேகைக்குக் குறுக்கே இரும்பு அளவுகோலை வைத்தேன். நடுவில் 5 மில்லிமீட்டர் பள்ளம்.

தவறு படுக்கப் போட்டதில் இருக்கிறது. மேசையைத் தொட்ட முகத்துக்குக் காற்று இல்லை. மேல்முகம் மட்டும் காய்ந்து சுருங்கியது. சுருங்கிய பக்கம்தான் குழியும். பலகையைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தால்கூட இவ்வளவு ஆகியிருக்காது.

அப்போது எனக்கு ஒரு குறுக்குப் புத்தி வந்தது. கிட்டாரின் பின்பலகை தட்டையானதல்ல. வெளிப்பக்கம் லேசாகப் புடைத்திருக்க வேண்டும். அந்தப் புடைப்பைத்தான் மரமே இலவசமாகத் தருகிறதே, எதற்கு நிமிர்த்துவானேன்? நல்லவேளை, கணக்குப் போட்டுப் பார்த்தேன். வழக்கமான புடைப்பு 15 அடி, அதாவது ஏறத்தாழ 4.6 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. 400 மில்லிமீட்டர் அகலத்துக்கு அது நடுவில் 4.4 மில்லிமீட்டர்தான் உயரும். என் பலகையிலோ 210 மில்லிமீட்டருக்குள்ளேயே 5 மில்லிமீட்டர், ஆரம் 1.1 மீட்டர். போதாக்குறைக்கு இரண்டு பாதிகளும் தனித்தனியே குழிந்தவை. சேர்த்து ஒட்டினால் ஒரு புடைப்பு வராது, பறக்கும் பறவையின் சிறகுகள்போல இரண்டு வரும். இலவசம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஒரே தடிமனுள்ள சிறு குச்சிகளை இடைவெளி விட்டு அடுக்கி, அவற்றின்மேல் பலகை, மறுபடி குச்சிகள், மறுபடி பலகை, உச்சியில் எடைக்குச் செங்கற்கள். இரு முகத்திலும் காற்று புக வேண்டும் என்பதுதான் இதில் சூட்சுமம். மூன்று வாரம் தொடவில்லை. இல்லை, தினமும் போய்ப் பார்த்தேன், ஆனால் கை வைக்கவில்லை. ஒரு பாதி தானாகவே 1 மில்லிமீட்டருக்குள் இறங்கியது. இன்னொன்று 3-இல் நின்றுவிட்டது.

பிடிவாதம் பிடித்ததற்கு மட்டும் இஸ்திரிப் பெட்டி. குழிந்த முகத்தை ஈரத்துணியால் துடைத்து, மேலே வெள்ளைத் துணி போட்டு மெல்லச் சூடேற்றினேன். துணியெல்லாம் ஊதாச் சாயம். ஈட்டி மரத்தை நனைத்தால் சாயம் கக்கும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். வெளிறிய மரம் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. சூடு இருக்கும்போதே இரண்டு தட்டையான பிளைவுட் பலகைகளுக்கு நடுவே வைத்து கிளாம்ப் போட்டு இறுக்கினேன். மறுநாள் திறந்தபோது கண்ணாடிபோல் நேர். மாலைக்குள் பாதி வளைவு திரும்பி வந்தது. பிளைவுட்டுக்குள் ஈரம் போக வழியில்லை, உள்ளேயே அடைந்து கிடந்திருக்கிறது. இரண்டாம் முறை இரு பக்கமும் உறிஞ்சும் தாள் வைத்து, தாளை நாள்தோறும் மாற்றி, ஐந்தாம் நாள் குச்சி அடுக்குக்கு மாற்றினேன். அரை மில்லிமீட்டர். அதற்குமேல் ஆசைப்படவில்லை. இணைக்கும் விளிம்பை இழைப்புளியால் இழைத்து ஒட்டியபோது விளக்கு வெளிச்சத்தில் கோடே தெரியவில்லை.

இதற்கிடையில் முன்பலகைக்கென்று வைத்திருந்த ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரப் பலகை ஒன்றையும் நிமிர்த்தப் பார்த்தேன். அது குழியவில்லை, முறுக்கிக்கொண்டிருந்தது. மேசையில் வைத்து எதிரெதிர் மூலைகளை மாறிமாறித் தட்டினால் நொண்டி நாற்காலிபோல் ஆடும். முறுக்கு என்பது வேறு சாதி. இழைகள் பலகையின் முகத்துக்கு இணையாக ஓடாமல் சாய்ந்து ஓடினால் வருவது அது. ஈரத்தைச் சமப்படுத்தினாலும் மரத்தின் உள்ளமைப்பு மாறப்போவதில்லை. பத்து நாள் கிளாம்பில் கிடந்தது, அவிழ்த்த இரண்டாம் நாள் பழைய கோலத்துக்கே வந்தது. நாய் வாலோடு மல்லுக்கட்டிய அந்தப் பத்து நாளை நான் வேறு எதற்காவது செலவழித்திருக்கலாம். இப்போது அதைச் சிறு துண்டுகளாக்கி, பசை சோதிக்கப் பயன்படுத்துகிறேன்.

இனி வருவதுதான் உண்மையான தோல்வி. பின்பலகையை 2.8 மில்லிமீட்டருக்கு இழைத்து, உருவம் வெட்டி, உட்புறத்தில் நான்கு பிரேஸ், அதாவது பலகையைத் தாங்கும் குறுக்குக் கட்டைகள், ஒட்டினேன். ஒவ்வொரு பிரேஸின் அடியும் 15 அடி ஆரத்துக்குச் சீவியது. அதே ஆரத்துக்குக் குழித்த தட்டான குழித்தட்டில் வைத்து அழுத்தியபோது அழகாகப் புடைத்து நின்றது. ஒட்டும் நாளன்று அறையின் ஈரப்பதம் 52 சதவீதம் என்று ஈரப்பதமானியின் முள் காட்டியது. 45-ஐ ஒட்டி இருந்தால் நல்லது என்பது கிட்டார் செய்கிறவர்களின் பொது வழக்கு. 52 கொஞ்சம் அதிகம், பரவாயில்லை என்று விட்டேன்.

ஆறு வாரம் கழித்து, வறண்ட காற்று வந்தது. பலகையை எடுத்துப் பார்த்தேன். 4.4 இருந்த புடைப்பு 1 மில்லிமீட்டராகியிருந்தது. கீழ்ப்பகுதியில் இரண்டு பிரேஸுகளுக்கு நடுவே உள்ளுக்கே குழிந்திருந்தது. மரம் ஏமாற்றிவிட்டது என்று ஒரு நாள் முழுக்க மரத்தைத் திட்டினேன்.

மறுநாள் சந்தேகம் கருவிமேல் போனது. ஒரு மூடியில் சாதாரண உப்பை எடுத்து, கரையாமல் குழைவாகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, ஈரப்பதமானியோடு காற்றுப் புகாத பையில் அடைத்து இரவு முழுக்க வைத்தேன். அப்படிப்பட்ட உப்புக் குழைவுக்கு மேலுள்ள காற்று 75 சதவீதத்தில் நிற்கும். இயற்கையின் விதி, யாருக்காகவும் மாறாது. காலையில் முள் 61-இல் நின்றது. 14 குறைத்துக் காட்டியிருக்கிறது. அப்படியானால் நான் பிரேஸ் ஒட்டிய நாளில் ஈரப்பதம் 52 இல்லை, 66-ஐத் தொட்டிருக்கும்.

பிறகு எல்லாம் விளங்கியது. 66 சதவீதக் காற்றில் மரத்துக்குள் 12 சதவீதம் அளவுக்கு ஈரம் இருக்கும். வறண்ட காற்றின் 44-இல் அது 8-ஐ ஒட்டி இறங்கிவிடும். 400 மில்லிமீட்டர் அகல ஈட்டிப் பலகை இதற்குள் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் சுருங்கும். ஆனால் பிரேஸ் குறுக்கே ஓடுகிறது; மரம் தன் நீளவாக்கில் சுருங்குவது மிகச் சொற்பம். பலகை சுருங்க விரும்புகிறது, பிரேஸ் விடுவதில்லை. புடைப்பின் வெளிப்பக்கம் இருக்கும் பலகை இழுக்க, பிரேஸே நிமிர்ந்து, புடைப்பு படுத்துவிடுகிறது. நான் ஐந்து வாரம் பாடுபட்டு எடுத்த கோணலை, ஒரே நாளில் பசை போட்டு உள்ளே அடைத்து வைத்திருக்கிறேன்.

பிரேஸ்களைக் கழற்றினேன். சூடேற்றிய மெல்லிய கத்தியைப் பசைக்கோட்டில் செலுத்தினால் பசை இளகும். மூன்று சுத்தமாக வந்தன. நான்காவது ஒரு நகக்கண் அளவு இழையைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. கிட்டார் முடிந்தால் அந்தக் காயம் வெளியே தெரியாது, எனக்கு மட்டும் தெரியும்.

இந்த முறை முள்ளை நம்பவில்லை, தராசை நம்பினேன். ஒரு சிறு அலமாரியில் ஈரம் நீக்கும் கருவியோடு பலகையையும் புதிய பிரேஸ் கட்டைகளையும் வைத்து, தினமும் காலையில் பலகையை எடை பார்த்தேன். முதல் நாள் 331 கிராம். அலமாரிக்குள்ளே இருக்க இருக்க 328, 326, பிறகு 325. நான்கு நாள் தொடர்ந்து 325-ஐ விட்டு அசையாதபோதுதான் பசையை எடுத்தேன். ஒட்டி முடித்து குழித்தட்டிலிருந்து எடுத்தபோது புடைப்பு 4.3.

பக்கப் பலகைகளைச் சுடுகுழாயில் வளைத்தபோதும் குறுக்கே சற்றுக் குழிந்தன. தண்ணீரை அள்ளி ஊற்றியதன் பலன். இரண்டாவதற்கு இரு முகத்திலும் லேசாகத் தெளித்தேன், வளைவு கச்சிதமாக வந்தது. கழுத்துக்கான மஹோகனிக் கட்டையைப் பொறுத்தவரை, கழுத்தை நேராகப் பிடிக்கும் இரும்புத்தண்டுக்கான பள்ளம் எடுத்தவுடன் ஒரு முனை முக்கால் மில்லிமீட்டர் எழும்பியது. நடுவில் மரத்தை அகற்றினால் உள்ளே அடங்கியிருந்த இறுக்கம் அப்படித்தான் வெளியேறும். ஒரு வாரம் சும்மா விட்டுவிட்டுப் பிறகு இழைத்தேன். இதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

பின்பலகை ஒட்டி இன்றோடு 40 நாள். வெளியே மழை வந்து, வெயில் வந்து, மறுபடி மழை வந்துவிட்டது, புடைப்பு 4.1-க்கும் 4.9-க்கும் நடுவே மேலும் கீழுமாக மூச்சு விடுகிறது. உட்புறத்தில் பென்சிலால் 52 என்று எழுதி அடித்து, பக்கத்தில் 66 என்று எழுதி அதையும் அடித்து, கீழே, மறுபடி ஒட்டிய நாளுக்கு, 44 என்று எழுதியிருக்கிறேன். பெட்டியை மூடிய பின்னும் ஒலித்துளை வழியே குனிந்து பார்த்தால் மூன்று எண்களும் தெரியும். அழிக்கப் போவதில்லை.